நெடுஞ்சாலைக்கு மேற்கே ஓர் ஊஞ்சல்

எங்கள் பட்டறையில் ஊஞ்சலும் சறுக்கு மரமும் செய்கிறோம். கோயம்புத்தூரில் புதிதாக எழும்புகிற அடுக்குமாடிகள் பலவற்றுக்கு எங்கள் சரக்குதான் போகிறது. இடம் பார்க்கப் போனால் காவலாளி சல்யூட் அடிப்பார், சங்கச் செயலாளர் ஏசி அறையில் உட்காரவைத்து வரைபடத்தை நீட்டுவார், காபி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும். அந்தப் பழக்கத்தில்தான் முரளி சொன்னதற்கும் தலையாட்டினேன்.

முரளி இங்கே ஒரு மோட்டார் கம்பெனியில் இஞ்சினியர். சொந்த ஊர் திண்டிவனத்தைத் தாண்டி ஒலக்கூர் பக்கம். "ஊர்ல எங்கப்பா பேர்ல புள்ளைங்களுக்கு ஒரு விளையாட்டு இடம் அமைச்சுத் தரணுங்க. ஸ்கூலை ஒட்டி இடம் இருக்குது. நீங்க ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வந்துட்டாப் போதும்" என்றார். நிறையக் காலம் எங்கள் ஊரில் இருந்துவிட்டதால் அவர் பேச்சில் 'ங்க' நன்றாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு நடைதானே என்று கிளம்பினேன்.

விழுப்புரத்தில் இறங்கியபோது காலைப் பசி. பஸ் ஸ்டாண்டு அருகில் ஓர் ஓட்டலில் உட்கார்ந்ததும் பரிமாறுகிறவர் வந்து, "இன்னா சாப்புட்றீங்க?" என்றார். எங்கள் ஊரில் சண்டைக்கு வருகிறவன்கூட 'ஏனுங்க' என்றுதான் ஆரம்பிப்பான். நான் ஏதோ தப்புச் செய்துவிட்ட மாதிரி ஒடுங்கிப்போய் இட்லி கேட்டேன். அவரோ கேட்காமலே மூன்றாவது கரண்டி சட்னியை ஊற்றிவிட்டு, "மல்லாட்டை சட்னி, நல்லா தொட்டுக்கோங்க, வெயிலுக்கு ஒண்ணும் பண்ணாது" என்றார். நிலக்கடலைக்கு இங்கே மல்லாட்டை என்று பெயர். அந்தச் சட்னிக்காகவே இன்னும் இரண்டு இட்லி சாப்பிட்டேன்.

வேறு வேலை இல்லாததால் ஊருக்குள் ஒரு பூங்காவை எட்டிப் பார்த்தேன். பங்குனி வெயில். தகடு வைத்த சறுக்கு மரம் தோசைக்கல்லாகக் காய்ந்து கிடந்தது. ஒரு சின்னப் பெண் பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்து உச்சியிலிருந்து ஊற்றிவிட்டு, ஆவி அடங்குவதற்குள் சறுக்கினாள். அவள் அம்மா பாவாடை நனைந்ததற்காகத் திட்டினாரே தவிர, சறுக்கு மரத்தை நடுவெயிலில் வைத்தவரைத் திட்டவில்லை. அந்தத் திட்டு எனக்கும் என் தொழிலில் இருக்கிறவர்களுக்கும் சேரவேண்டியது.

கூட்டேரிப்பட்டில் இறங்கி மயிலம் சாலையில் கொஞ்ச தூரம் போனால் ஒரு கிராமத்தில் புது விளையாட்டு மைதானம் இருக்கிறது, மாதிரிக்குப் பாருங்கள் என்று முரளி சொல்லியிருந்தார். போனேன். நல்ல ஊஞ்சல், நல்ல சீசா, சுற்றிலும் கம்பி வேலி. தரை முழுக்க வழவழப்பான சிமென்ட். அந்தச் சிமென்ட் தெரியாதபடி நெல் கொட்டிப் பரப்பியிருந்தார்கள். சீசாவின் ஒரு முனையில் சாக்குகளை அடுக்கியிருந்ததால் மறுமுனை வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. வாசலில் ஓர் அம்மா குச்சியோடு உட்கார்ந்திருந்தார். கோழி வந்தாலும் பிள்ளைகள் வந்தாலும் அதே குச்சிதான்.

"புள்ளைங்க எப்பங்க விளையாடுவாங்க?" என்று கேட்டேன்.

"நெல்லு காஞ்சி எடுத்தப்பறம் ஆடட்டுமே, யாரு வேணான்னது?"

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்பறம் மல்லாட்டை வந்துடும்" என்றார் அவர், எந்தக் கூச்சமும் இல்லாமல். இந்தப் பக்கத்தில் சிமென்டுத் தரை எங்கே தெரிந்தாலும் அது களமாகிவிடுகிறது. பஸ்ஸில் வரும்போதே பார்த்தேன், தார்ச்சாலையின் ஓரத்தைக்கூட விடவில்லை. விளைந்ததைக் காயவைக்க இடமில்லாதவர்கள் வேறு என்ன செய்வார்கள் என்றும் தோன்றியது, அந்தக் குச்சியைப் பிடுங்கிப் போடவேண்டும் என்றும் தோன்றியது.

திண்டிவனம் என்று டிக்கெட் வாங்கினால் திண்டிவனத்தில் இறக்கிவிடுவார்கள் என்று நம்புகிறவள் நான். கண்டக்டர் பைபாஸில் விசில் ஊதி, "ஸ்டாண்டுக்குள்ள போவாது, இங்கயே எறங்கிக்கோங்க, ஜல்தி ஜல்தி" என்றார். "டிக்கெட் கொடுக்கும்போது சொல்லியிருக்கலாமே" என்றேன். "நீங்க கேக்கலியே" என்றார். பெட்டியோடு தூசியில் நின்று அந்த பஸ்ஸின் முதுகைப் பார்த்துத் திட்டித் தீர்த்தேன். பிறகு ஒரு ஷேர் ஆட்டோ கிடைத்தது. ஏற்கெனவே நிறைய பேர் இருந்தார்கள். தையல் மிஷினின் தலைப்பாகத்தை மடியில் வைத்திருந்த ஒருவர், என் பெட்டியையும் அதன்மேல் வாங்கி வைத்துக்கொண்டார். அன்று திண்டிவனத்திலேயே தங்கினேன், ராத்திரிச் சாப்பாட்டுக்கு முருங்கைக்கீரை போட்ட கேப்பை அடை கிடைத்தது. கேழ்வரகு அடையை வீட்டில் நானும் சுடுகிறேன், இந்த மொறுமொறுப்பு எனக்கு வந்ததில்லை.

மறுநாள் சனிக்கிழமை. கிராமத்தில் என்னை வரவேற்றவர் முரளியின் சித்தப்பா கோவிந்தசாமி. சொந்த நிலத்தில் மல்லாட்டையும் கேப்பையும் போடுகிறவர். பள்ளிக்கூடத்தை ஒட்டிய இடத்தைக் காட்டினார். சதுரமான நல்ல இடம், தண்ணீர் வசதி உண்டு, மதில் எழுப்பிப் பூட்டுப் போட்டால் முடிந்தது. வரைபடத்தில் குறிக்க வேண்டியதுதான் பாக்கி. எனக்கு ஊர் திரும்பும் நினைப்பே வந்துவிட்டது.

"புள்ளைங்க எல்லாம் இந்தத் தெருவுதானுங்களா?" என்று சும்மாதான் கேட்டேன்.

"பாதி பேரு அந்தாண்ட" என்று கையை நீட்டினார். அவர் கை நீண்ட திசையில் சென்னை நெடுஞ்சாலை ஓடிக்கொண்டிருந்தது. சாலைக்குக் கிழக்கே பள்ளிக்கூடம், கோயில், கடை, பால் சொசைட்டி. மேற்கே காலனி. சுரங்கப்பாதை வெகுதூரம் தள்ளி இருக்கிறது. நடுவில் அரளிச் செடிகளுக்கு இடையே ஓர் இடைவெளி இருக்கிறது, அதன் வழியாகத்தான் எல்லோரும் போய்வருகிறார்கள். பள்ளி நாட்களில் காலனித் தாய்மார் முறை வைத்துக்கொண்டு, பிள்ளைகளைக் கைகோர்க்கவைத்துக் கூட்டமாகக் கடத்திவிடுகிறார்களாம்.

அந்தப் பக்கமும் பார்த்துவிடலாம் என்று நானே கடந்தேன். பாதியில், அரளிக்கு நடுவில், முன்னாலும் பின்னாலும் லாரிகள் காற்றை அறைந்துகொண்டு போக, புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஓர் இடைவெளி கிடைத்ததும் ஓடி அந்தக் கரை சேர்ந்தேன். வயசானவள் ஓடுவதைப் பார்த்துப் பஞ்சர் கடைக்காரர், "நின்னு வாங்கம்மா, ரோடு எங்கயும் போயிடாது" என்றார்.

காலனியில் நடமாட்டமே இல்லை. எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். பூட்டிய ஒரு வீட்டின் ஜன்னலிலிருந்து, "யாரு வேணும்?" என்று குரல் வந்தது. உள்ளே கம்பியைப் பிடித்துக்கொண்டு பத்து வயதிருக்கும் ஒரு பெண். பெயர் ரெபேக்கா என்றாள்.

"வெளில பூட்டியிருக்குதே கண்ணு. யாரு பூட்டுனது?"

"எங்கம்மாதான். மல்லாட்டை ஆயறதுக்குப் போயிருக்குது. சாயங்காலம் வந்துடும்."

"உள்ளயே என்ன பண்ணுவ?"

"டிவி இருக்குது. கரண்டு போயிட்டாத்தான் பேஜாரு" என்று பெரிய மனுஷி போலச் சொன்னாள். சுவரில் பந்தை எறிந்து பிடித்துக் காட்டினாள். அந்த அறையில் அதற்குமேல் எதற்கும் இடமில்லை. நான் நகர்ந்தபோது, "இன்னும் கொஞ்ச நேரம் பேசிக்கினு இருங்களேன்" என்றாள். எனக்கு அதைக் கேட்கவே பொறுக்கவில்லை. பெற்றவளைக் கண்டால் நான்கு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்று அங்கேயே நின்றேன்.

வெயில் தாழ்ந்தபிறகு வந்த அவள் அம்மாவின் பெயர் செல்வி. முந்தானையில் செம்மண், விரல் நுனிகள் கறுத்துப் போயிருந்தன. கூலிக்குப் போவதுபோக ஒரு மாடும் வைத்திருக்கிறார், சாயங்காலப் பால் கறக்கத்தான் ஓடிவந்திருக்கிறார். நான் கேட்க வைத்திருந்ததைக் கேட்டும்விட்டேன். அவர் கோபப்படவில்லை. கதவைத் திறந்துகொண்டே சொன்னார்.

"இவகூட படிச்ச பையன், போன வருஷம், பந்து ரோட்டுக்குப் போச்சின்னு பின்னாடியே போனான்க்கா." பால் கறக்கும் சொம்பை எடுத்துக் கழுவினார். "அன்னிலேர்ந்து வேலைக்குப் போற நாளெல்லாம் பூட்டிட்டுத்தான் போறேன். லீவு நாளுன்னா போதும், எனக்கு வேலையே ஓடாது. இப்போ முழுப் பரீட்சை முடிஞ்சா மே மாசம் பூரா லீவு. பூட்டியே வெக்க முடியுமா? இவளும் கேக்க ஆரம்பிச்சிட்டா, நா இன்னா தப்பு பண்ணேன்னு கேக்கறா."

அவர் வீட்டுப் பின்புறம், சாலையை விட்டு நன்றாகத் தள்ளி, ஒரு பெரிய வேப்பமரமும் வெடித்துப்போன பழைய சிமென்டுக் களமும் இருந்தன. வாசலில் நின்று கூப்பிட்டால் கேட்கிற தூரம். அங்கே விளையாடலாமே என்றேன். "அது ஊர்க்காரங்க களம். அறுப்பு நாள்ல எப்பவும் ஏதாச்சும் காஞ்சிக்கினே இருக்கும். புள்ளைங்க மிதிச்சா சண்டை" என்றார்.

பள்ளிக்கூடத்தை ஒட்டி எத்தனை அழகான ஊஞ்சல் மாட்டினாலும் ரெபேக்கா அதில் ஏறப்போவதில்லை என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. மே மாதமும் அந்த அறையில்தான்.

சாயங்காலம் பால் சொசைட்டியில் ஊரே கூடிவிடும், அங்கேயே பேசிவிடலாம் என்றார் கோவிந்தசாமி. கேன்கள் வரிசையாக நின்றன. செல்வியும் பால் கொண்டு சாலையைக் கடந்து வந்து சற்றுத் தள்ளி நின்றிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். பாதிப் பிள்ளைகள் வரமுடியாத இடத்தில் விளையாட்டு இடம் வேண்டாம், வேறு இடம் பாருங்கள் என்றேன். முணுமுணுப்பு எழுந்தது. ஊருக்கு நடுவில் இருப்பதுதானே மரியாதை என்றார் ஒருவர்.

கோவிந்தசாமி சமாதானமாகப் பேசினார். "எங்க வெச்சா இன்னாம்மா? ஆனா தரை மட்டும் நல்லா சிமென்ட்டா போட்டுடுங்க. அறுப்பு சமயத்துல கொஞ்ச நாளு நாங்களும் காய வெச்சிக்கறோம்."

மயிலம் சாலையில் பார்த்த அந்தக் குச்சி என் கண்முன் வந்தது. அடக்கிக்கொள்ள எவ்வளவோ பார்த்தேன். "அப்ப உங்களுக்கு வேண்டியது களமுங்க. ஊஞ்சலுக்கு எதுக்குங்க கோயம்புத்தூர்ல இருந்து ஆளைக் கூப்பிட்டீங்க?" என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

கோவிந்தசாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவருக்குக் கோபம் வரவில்லை, உள்ளதைச் சொன்னார். "ஆமாம்மா. களந்தான் வேணும். இருக்கிற களம் அந்தாண்ட கீது. டிராக்டர்ல மல்லாட்டைய ஏத்திக்கினு ரோட்ட தாண்டறதுக்குள்ள உசுரு போயி உசுரு வருது. போன தபா பஸ்ஸுக்காரன் பின்னாடி வந்து ஆரன் அடிச்ச அடியில நான் ஸ்டேரிங்க விட்டுட்டேன்."

"டிராக்டர் மேல உக்காந்திருக்கிற உங்களுக்கே உசுரு போகுதுங்களே" என்றேன்.

அப்போது செல்வி பேசினார். தரையைப் பார்த்துக்கொண்டுதான் பேசினார். "களத்த இங்கயே போட்டுக்கோங்க. ஸ்கூலாண்ட. காய வெக்கறது, கெளர்றது, வார்றது எல்லாத்துக்கும் நாங்க பொம்பளைங்க ரோட்ட தாண்டி வந்து செஞ்சிக் குடுக்கறோம். அந்தாண்ட இருக்கிற களத்த புள்ளைங்களுக்கு விட்டுடுங்க. நாங்க தாண்டறோம். அதுங்க தாண்ட வேணாம்."

தினமும் பாலுக்காகத் தாண்டுகிற சாலையை இன்னும் பல தடவை தாண்டுவதாக ஒரு தாய் பேரம் பேசிக்கொண்டிருந்தார், அதுவும் கெஞ்சாமல்.

பின்னாலிருந்து ஒருவர், "அந்தாண்ட போட்டா நம்ம பசங்க அங்க போவாங்களா?" என்றார். அதில் என்னென்ன இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

"நம்ம பசங்களுக்கு ஸ்கூல் கிரவுண்டு கீது, கோயில் வாசல் கீது. அவங்க பசங்களுக்கு இன்னா கீது?" என்றார் கோவிந்தசாமி. "போறது போவட்டும், போவாதது இங்க ஆடட்டும்." அவர் அதைச் செல்வியைப் பார்க்காமல்தான் சொன்னார். ஆனாலும் சொன்னார். ஊராட்சியில் பேசி இடத்தை மாற்றிக்கொள்வதும் தன் பொறுப்பு என்றார். களம் தங்கள் பக்கம் வருகிற சந்தோஷம் மற்றவர்கள் முகத்தில் மெல்லத் தெரிய ஆரம்பித்தது.

முரளிக்குப் போன் செய்து, விளையாட்டு இடத்துத் தரைக்கென்று அவர் ஒதுக்கியிருந்த சிமென்டுச் செலவு இப்போது புதுக் களத்துக்குப் போகிறது என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அப்பாவின் பெயர்ப் பலகை என்னாகும் என்று கேட்பார் என எதிர்பார்த்தேன், கேட்டார். பிறகு அவரே, "களத்துலயே வெச்சிடுங்க. எங்கப்பா ஊஞ்சல் ஆடி நான் பார்த்ததே இல்லீங்க. மல்லாட்டை காயப்போட்டுட்டு மழை வருதான்னு வானத்தைப் பார்த்துத்தான் பார்த்திருக்கேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை செல்விக்கு வேலை இல்லை. ரெபேக்கா உட்படக் காலனிப் பிள்ளைகள் சர்ச் முடிந்து பழைய களத்துக்கு வந்தார்கள். அன்று காய்ந்துகொண்டிருந்தது எதுவும் இல்லை. என்ன வேண்டும் என்று கேட்டால் பிள்ளைகள் நமக்குப் பிடித்ததைத்தான் சொல்வார்கள், அதனால் கேட்காமல் விளையாடவிட்டுப் பார்த்தேன். ஊஞ்சலைப் பற்றி ஒருவரும் நினைக்கவில்லை. ஓரத்தில் கிடந்த மண்குவியலில் ஏறி, பனை மட்டைமேல் உட்கார்ந்து சறுக்கினார்கள். ஒருத்தி உட்கார இன்னொருத்தி இழுத்தாள். உச்சியில் நின்று, சாலையில் போகிற பஸ்ஸின் நிறத்தைச் சொல்லிப் பந்தயம் கட்டினார்கள். பனை மட்டை எங்கள் பட்டறை விலைப்பட்டியலில் இல்லாத சாமான்.

அந்த மண்மேட்டை அப்படியே பெரிதாக்குவது, வேம்பின் நிழலில் சறுக்கு மரம், தரைக்கு மண்ணும் மணலும்தான், சாலைப் பக்கம் உயரமாக வேலி என்று குறித்துக்கொண்டேன். பார்த்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி மட்டும், "ஊஞ்சலுக்குப் பக்கத்துல இன்னொரு கம்பி போட்டு வெய்ங்க, கைக்குழந்தைக்கு ஏணை கட்டிக்கறோம்" என்றாள். அடுக்குமாடிச் சங்கங்களில் இப்படி யாரும் கேட்டதில்லை. தொட்டில் புடவை கட்ட ஒரு குறுக்குக் கம்பி என்று அதையும் எழுதிக்கொண்டேன்.

சித்திரையில் சாமான்களையும் ஆட்களையும் லாரியில் அனுப்பிவிட்டு மறுபடி போனேன். விடுமுறை ஆரம்பித்திருந்தது. இந்தத் தடவை பஸ் ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுவிட்டேன், ஸ்டாண்டுக்குள் போகும் என்றார், பைபாஸில்தான் இறக்கிவிட்டார். பள்ளிக்கூடத்துப் பக்கம் புதுக் களத்தில் மல்லாட்டை காய்ந்தது. காலனிப் பெண்கள் வரிசையாகக் காலைத் தேய்த்து நடந்து கிளறிக்கொண்டிருந்தார்கள், செல்வியும் இருந்தார். அவர்களில் ஒருத்தி மட்டும், பிள்ளை யாரும் தாண்டி வந்துவிடக் கூடாதே என்று, அந்த அரளி இடைவெளியைப் பார்த்தபடியே இருந்தாள்.

பழைய சிமென்டை உடைத்து எடுப்பதற்குள் எங்கள் ஆட்களுக்குக் கை காய்த்துவிட்டது. எல்லாம் நட்டு, மணல் கொட்டி முடித்த சாயங்காலம், நான் கையைக் கழுவிக்கொண்டிருந்தேன். கிழக்குப் பக்கத்திலிருந்து அதிகம் பேர் வரவில்லை. கோவிந்தசாமி மட்டும் தன் பேத்தியை டிராக்டரில் வைத்துக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, அவள் ஆடி முடிக்கும்வரை டிராக்டரிலேயே உட்கார்ந்திருந்தார். தொட்டில் கம்பியில் ஒரு குழந்தை தூங்கியது.

வேலை முடிந்து வந்த செல்வி சோறாக்கிவிட்டு வாசலில் வந்து நின்று கூப்பிட்டார். மண்மேட்டின் உச்சியிலிருந்து ரெபேக்கா, "தோ வர்றேம்மா" என்று குரல் கொடுத்துவிட்டுச் சறுக்கினாள், மட்டையை இழுத்துக்கொண்டு மறுபடி ஏறினாள். மறுபடி கூப்பிட்டார். அவள் கையை மட்டும் ஆட்டினாள். அதற்கடுத்த தடவை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, பஸ் நிறத்தைப் பற்றி யாருடனோ சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"பாருக்கா" என்றார் செல்வி. "நா வர்ற செருப்புச் சத்தம் கேட்டாலே ஜன்னலாண்ட ஓடியாந்து நிப்பா. இப்போ தொண்ட கிழியக் கத்தறேன், அம்மா ஒருத்தி இருக்கறதே அவளுக்கு மறந்துபோச்சி."

நான் போய்க் கூட்டிவரட்டுமா என்று கேட்டேன். செல்வி என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"வேணாம்க்கா" என்றார். "சோறு ஆறட்டும்."